செருப்பு ஏறாத களம்

திண்டுக்கல்லில் ஊருக்கு நடுவே ஒரு மலையே உட்கார்ந்துகொள்ள இடம் இருந்தது. நாங்கள் பத்து இருபது பேர் பந்து உதைக்க மட்டும் இடம் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அதிகம் சொன்னவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பகலில் பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுவேன். சாயங்காலம் கால்பந்து அணிக்குக் கேப்டன். கேப்டன் என்றதும் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தச் சண்டைக்கும் முதலில் போய் நிற்பவன் என்பதால் என்னை அந்த இடத்தில் வைத்திருந்தார்கள்.

முதலில் தெருவில்தான் ஆடினோம். ஒரு நாள் பந்து போய் வாசலில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் விழுந்தது. வடகத்துக்காரி பந்தை உள்ளே எடுத்துப் போய் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக நறுக்கி, இரண்டு பாதியையும் தெருவில் எறிந்தாள். வடகம் அவளுக்கு எவ்வளவு முக்கியமோ பந்து எங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று நான் அவளிடம் அரைமணி நேரம் வாதாடினேன். வீட்டில் எனக்கு அடி விழுந்ததுதான் மிச்சம்.

பள்ளிக்கூட மைதானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. எங்களில் பாதிப் பேர் எட்டாவதோடு நின்றவர்கள். ஐந்து மணிக்கு மேல் அங்கே காக்காய்கூட இருக்காது, ஆனாலும் கேட்டில் பூட்டுத் தொங்கும். அது எங்கள் பட்டறையில் செய்த பூட்டு. நல்ல பூட்டு, எங்களாலேயே திறக்க முடியவில்லை. தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் காலி இடம் கிடந்தது. அங்கே தோல் காயப்போடுவார்கள், வாட்ச்மேன் கம்போடு வருவார். கோட்டை மலையடிவாரத்தில் பந்தை ஒரு தடவை உதைத்தால் அது சரிவில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், பாதி ஆட்டம் பந்தைத் தேடுவதில் போகும். குளம் வற்றிய மாதங்களில் குளத்துக்குள் ஆடினோம். அதுதான் உள்ளதில் நல்ல இடம். ஐப்பசி மழை வந்ததும் எங்கள் கோல் கம்பு தண்ணீருக்குள் நின்றது. அதன் உச்சியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

இடம் இல்லாதது விளையாட்டுக் குறை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். மானக் குறையாகவும் ஆகிவிட்டது. வத்தலக்குண்டுப் பையன்கள் எங்களை அழைத்து ஆடினார்கள், சோறு போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள். நத்தத்துப் பையன்களும் அப்படியே செய்தார்கள். வாங்கித் தின்றால் திருப்பிப் போட வேண்டாமா? "அடுத்த ஆட்டம் உங்க ஊர்ல வச்சுக்கிருவோமா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நத்தத்துக் கேப்டன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"உங்க ஊர்ல பந்து இருக்கு, ஆளும் இருக்கு. தரைதான் இல்லபோல."

அடுத்த கோடைக்குள் நாலு பேரைக் கூப்பிட்டு ஆட ஒரு தரை கிடைக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தோம்.

தரையைக் கண்டுபிடித்தவன் எங்கள் கோல்கீப்பர். அவனும் அவன் அப்பாவும் தோல் ஷாப்பில் வேலை செய்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அதை ஏற்றிவர அவன் வண்டியோடு சுற்றுப்பட்டிகளுக்குப் போவான். சிறுமலையைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில் ஒரு கிராமத்தின் ஓரத்தில் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்தவன் பட்டையைக்கூட இறக்காமல் நேராகப் பட்டறைக்கு ஓடிவந்தான்.

"ஊர்க்களம்டா. அம்புட்டும் கட்டாந்தரை. மேடு பள்ளம் கெடையாது. ஆளுன்னு ஒரு சுடுகுஞ்சு இல்ல."

ஊர்க்களம் என்றால் ஊர் முழுவதற்கும் பொதுவான கதிரடிக்கும் இடம். தையிலும் மாசியிலும் அங்கே நெல்லும் சோளமும் வந்து இறங்கும். மாடுகளைப் பிணைத்துக் கதிரின் மேல் ஓட்டுவார்கள், தூற்றுவார்கள், அளப்பார்கள். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். நாங்கள் போனதும் நான் முதலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிப் பார்த்தேன். முழு மைதான அளவு இல்லைதான். ஆனாலும் பக்கத்துக்கு எட்டு ஒன்பது பேர் தாராளமாக ஓடலாம்.

ஆடிக்கொள்ளலாமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டோம். ஆண்கள் பெரும்பாலும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். பேசியது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லாமல் சொந்தமாக இரண்டு ஏர் வைத்து விவசாயம் பார்த்தவர். களத்தில் யார் கதிர் எந்த நாளில் இறங்கும் என்பதை ஊர் அவரிடமே விட்டிருந்தது. நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். அவர் எங்களை ஏலே என்றார்.

"ஏலே, யாரு யாரு வீட்டுப் புள்ளைக நீங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. எங்களில் எல்லாத் தெருப் பையன்களும் உண்டு.

"பந்து வெளாடுற வீட்டுப் புள்ளைகக்கா" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அவர் கோபப்படவில்லை. "வாய் இருக்கு. காலும் இருக்கான்னு பாப்போம்" என்றார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். "களம்னா நாங்க சோறு திங்கிற தட்டு மாதிரி. அதுல எவன் காலும் செருப்போட ஏறக்கூடாது. எங்க ஊரு ஆம்பளையும் சரி, தாசில்தாரே வந்தாலுஞ் சரி. ஒரு குழி வெட்டக்கூடாது. தை பொறக்கறதுக்கு முன்னால காலி பண்ணிறணும்."

செருப்பு எங்களிடம் இருந்தால்தானே ஏறும்! அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலில் ஆடியவர்கள். குழி வெட்டக்கூடாது என்பதுதான் இடித்தது, கோல் கம்பை எங்கே நடுவது? கடைசியில் மண்ணெண்ணெய் டின்களில் கல்லை நிரப்பி அவற்றில் சவுக்குக் கம்பை நிறுத்தினோம். பந்து வேகமாகப் பட்டால் கோல் ஒரு முழம் நகரும். அது கோலா இல்லையா என்று தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

இரண்டு வாரம் சந்தோஷமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் எங்கள் கோல்கீப்பருக்குத் தரை கசந்தது. அவன் விழுந்து பிடிக்கிறவன். முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்து தொங்கியது. "ஒரு வண்டி மணல் போட்டா எம் மேலு தப்பிக்கும்டா" என்றான். எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. பந்தாடுகிற எவனும் அப்படித்தான் நினைப்பான். பட்டை வண்டியில் ஓடை மணலை ஏற்றிவந்தோம். குழிதானே கூடாது, கொத்திவிட்டால் என்ன என்று இரண்டு கோலுக்கும் முன்னால் மண்வெட்டியால் தரையைப் பொலபொலவென்று ஆக்கி, மேலே மணலைப் பரப்பினோம். மெத்தையாக இருந்தது. கோல்கீப்பர் அதில் சும்மாவே நாலு தடவை விழுந்து பார்த்தான்.

மறுநாள் அக்கா களத்தின் நடுவே நின்றிருந்தார். கையில் ஒரு பிடி மணல்.

"என்னலே இது?"

"மணலுக்கா. கீழ விழுந்தா அடிபடாம இருக்க."

"நெல்லுல மண்ணு கலந்தா எவன்டா வாங்குவான்? சோத்துல கல்லு கெடந்தா புள்ளைக பல்லு என்ன ஆகும்? எத்தன வருசம் மெழுகி மெழுகி இறுகுன தரை தெரியுமாடா! தரை கெட்டியா இருக்கணும்னுதானலே களம்னு வச்சிருக்கோம்?" அவர் குரல் உடைந்தது. திட்டு வாங்கிப் பழகியவன் நான், ஆனால் குரல் உடைந்து யாரும் என்னைத் திட்டியதில்லை. "நாளையிலருந்து இந்தப் பக்கம் எவன் காலும் தெரியக் கூடாது."

சண்டை போட்டுப் பயனில்லை என்று எனக்கே தெரிந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. "போறோம்க்கா. கெடுத்தத நேராக்கிட்டுப் போறோம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனோம். மணலைப் பெருக்கி, அள்ளி, கூடை கூடையாக ஓடைக்கே கொண்டுபோய்க் கொட்டினோம். குளத்துக் கரம்பை மண்ணைக் கொண்டுவந்து கொத்திய இடத்தில் பரப்பினோம். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி ஊற்றினோம். அடுத்தது மாடுகளை விட்டு மிதிக்க வேண்டும். புரட்டாசி உழவு, ஊர் மாடெல்லாம் வயலில். நாங்களே வட்டமாக நடந்து மிதிக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. ஒருவன் பந்தை எடுத்துச் சேற்றில் போட்டான். பிறகு கேட்கவேண்டுமா? அந்தச் சின்ன இடத்துக்குள் பத்துப் பதினைந்து பேரும் மோதி, வழுக்கி, உதைத்து, மிதித்து, சேறு இறுகி ஈரமண்ணாகி, ஈரமண் இறுகித் தரையாகும்வரை ஆடினோம். அந்தப் பக்கம் முடிந்ததும் எதிர்க் கோல். மறுநாள் வேலை முடிந்து வந்து சாணி கரைத்து மெழுகினோம். பட்டறைக் கையும் தோல் ஷாப்புக் கையும் மெழுகிய மெழுகல் அது, கோணல்மாணலாகத்தான் இருந்தது.

காய்ந்த பிறகு அக்கா வந்து பார்த்தார். குதிகாலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று கேட்டது. வேறு ஓர் இடத்தில், நாங்கள் தொடாத தரையில் தட்டிப் பார்த்தார். அது அவ்வளவு கெட்டியாக இல்லை. அதோடு அங்கே புல் முளைத்திருந்தது. நெருஞ்சி படர்ந்திருந்தது. நாங்கள் தினமும் ஓடும் இடத்தில் ஒரு நெருஞ்சியும் இல்லை. வெறுங்கால்காரர்கள் நாங்கள், முள்ளைக் கண்டால் வேரோடு பிடுங்கிவிடுவோம்.

"ஏலே" என்றார். "மாடு மிதிச்சாக்கூட இப்படி இறுகாதுபோல."

அப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. மார்கழிவரை களம் எங்களுக்கு. மார்கழியில் புல் செதுக்கி, நனைத்து, மிதித்து, மெழுகிக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். தரையைக் கெடுப்பார்கள் என்று யாருக்குப் பயந்தார்களோ அவர்களிடமே தரை ஒப்படைக்கப்பட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்தால் வாயும் சும்மா இருக்காது அல்லவா? நத்தத்துக்குச் சொல்லியனுப்பினேன்: எங்களுக்கு இப்போது சொந்த மைதானம் இருக்கிறது, தைரியம் இருந்தால் வந்து ஆடுங்கள். மைதானம் என்று பெருமையாகச் சொன்னேனே தவிர, அது கதிரடிக்கும் களம் என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். எங்கள் தெருவே திரண்டு வந்திருந்தது. கிராமத்துக்காரர்களும் களத்தைச் சுற்றி நின்றார்கள். நத்தத்துப் பையன்கள் வண்டிப்பாதையில் நடந்துவரும்போதே பார்த்துவிட்டேன். ஒவ்வொருவன் தோளிலும் ஒரு ஜோடி பூட்ஸ் தொங்கியது. அவர்கள் ஊர் மாந்தோப்பு வியாபாரி ஒருவர் அந்த வருடம் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்திருந்தாராம். புளியமரத்தடியில் உட்கார்ந்து வரிசையாக மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நல்ல தோல், வாசனையே தெரிந்தது.

அக்கா களத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் பூட்ஸைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நத்தத்துக் கேப்டனிடம் போனேன். "அப்பு, பூட்ஸக் கழட்டிட்டு எறங்குங்க."

"ஏன், மிதி வாங்கிருவோம்னு பயமா?"

"இங்க பூட்ஸ் ஏறாது."

"நீ கூப்புட்டுத்தான வந்தோம்? பூட்ஸோடதான் ஆடுவோம். முடியாதுன்னா நீங்க தோத்ததா ஒத்துக்க, நாங்க அடுத்த பஸ்ஸப் புடிக்கிறோம்."

கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்களே என் மேல் பாய்ந்தார்கள். வந்த விருந்தாளியை இப்படியா கேட்பது என்றார்கள். ஒரு நாளைக்குத்தானே, நாளைக்கு மெழுகிவிட்டால் போயிற்று என்றார் ஒருவர். எங்கள் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆடவேண்டும். எனக்கும் ஆடவேண்டும். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை அலைந்தோம். தோற்றேன் என்று வாயால் சொல்வது எனக்கு எப்படிப்பட்ட காரியம் என்று என்னோடு கோலி விளையாடியவர்களுக்குக்கூடத் தெரியும்.

"தோத்ததாவே வச்சுக்க" என்றேன். "களத்துல பூட்ஸ் ஏறாது."

சொல்லிவிட்டுத் திரும்பினால், எங்கள் கோல்கீப்பர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கம்போடு தூக்கிக்கொண்டு களத்தை விட்டு வெளியே நடக்கிறான். நான் சொல்லவில்லை. மற்றவர்கள் இன்னொரு டின்னைத் தூக்கினார்கள். ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நின்றதற்கும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

நத்தத்துக் கேப்டன் முகம் மாறியது. "களமா?" என்றான். குனிந்து தரையைத் தொட்டான். மெழுகலைத் தடவிப் பார்த்தான். "ஏன்டா, இது நெல்லடிக்கிற களமா?"

"ஆமா."

"மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா? மைதானம் மைதானம்னு சொல்லியனுப்பிச்சா? எங்கய்யா களத்துல செருப்போட ஏறுனா என் காலையே ஒடிச்சிருவாரு." அவன் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பூட்ஸ் எல்லாம் புளியமரத்தடியில் ஜோடி ஜோடியாக நின்றன.

வெறுங்காலோடு அவர்கள் தடுமாறப்போகிறார்கள் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். பாவம், அது தப்புக் கணக்கு. அவர்களும் அந்த வருடம்வரை வெறுங்காலில் ஆடியவர்கள்தான். புது பூட்ஸ் கடித்து எல்லோர் குதிகாலிலும் கொப்புளம். அதைக் கழற்றியதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் போல ஓடினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று எங்களைத் தோற்கடித்தார்கள். எங்களுடைய அந்த ஒன்றும் டின் நகர்ந்ததால் கிடைத்தது என்று இன்றுவரை ஒரு பேச்சு இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆட்டம் முடிந்து கிராமத்துப் பெண்கள் கம்பஞ்சோறும் கருவாட்டு வெஞ்சனமும் கொண்டுவந்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. களத்துக்கு வந்தவர்களைப் பசியோடு அனுப்புவதில்லை என்றார்கள். இரண்டு அணியும் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். தோற்றவன்தான், ஆனாலும் தலைநிமிர்ந்து பரிமாறினேன். எங்கள் தரையில் அவர்களுக்குச் சோறு போட்டாயிற்று, வேறு என்ன வேண்டும்?

மார்கழியில் சொன்னபடி புல் செதுக்கி, நனைத்து, மிதித்து, மெழுகிக் கொடுத்தோம். டின்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டோம். அறுவடை நடக்கும்போது அந்தப் பக்கம் போகவில்லை. மாசியில் ஒரு நாள் அக்கா ஆள் அனுப்பினார், எல்லோரும் வரவேண்டுமென்று. வைக்கோல் சுமக்க ஆள் பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனோம்.

களத்தின் நடுவே நெல் குவிந்திருந்தது. நாங்கள் ஆடிய தரைதானா அது என்று சந்தேகம் வந்தது. வெளியே ஓரமாக நின்றோம். அளவை தொடங்கியது. சொந்தக்காரன் மூட்டை கட்டுவதற்கு முன்னால், அந்த விளைச்சலுக்குக் கை கொடுத்தவர்களுக்குக் களத்திலேயே பங்கு அளந்துவிட வேண்டும் என்பது அங்கே முறை. ஏர் செய்த தச்சர் வந்து வாங்கினார். கொழு அடித்த கொல்லர் வந்தார். துணி வெளுப்பவர், மடை பார்ப்பவர், ஒவ்வொருவராக அவரவர் தொழிலைச் சொல்லி அக்கா கூப்பிட, ஒவ்வொருவராகத் துண்டை விரித்து வாங்கிப் போனார்கள்.

"பந்துக்காரப் பயலுக எங்கலே?"

வைக்கோல் சுமக்கத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு பேர் வைக்கோலைப் பார்த்து நடந்தார்கள்.

"ஏலே, ஒங்களத்தான். வந்து ஏந்துங்க."

"எங்களுக்கு எதுக்குக்கா?" என்றேன். "நாங்க வெளாடுறவுகதான?"

"களத்த மிதிச்சது ஆரு? மெழுகுனது ஆரு? இந்த வருசம் நெல்லுல ஒரு பொட்டு மண்ணு இல்ல. இது கூலி இல்லப்பு, பங்கு. பங்கு வாங்குறவன எவனும் களத்த விட்டு வெரட்ட முடியாது. வாங்கிக்க."

துண்டுகூட இல்லாமல் போயிருந்தோம். கோல்கீப்பர் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். மரக்காலில் தலைதட்டாமல் கூம்பாக அளந்த நெல் அதில் சரிந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கை இல்லை. நான் துடைத்துவிட்டேன்.

அந்தச் சட்டை மூட்டையை ஆள் மாற்றி ஆள் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தோம். எங்கள் யார் வீட்டுக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. தெருமுனையில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏதுடா நெல்லு?" என்று கேட்டார்.

"எங்க களத்து நெல்லுண்ணே" என்றேன்.